கிரேடிங்குக்கு அனுப்புவதா, அப்படியே விற்பதா, ஸ்லாப்பாகவே வாங்குவதா? காற்பந்து கார்டுக்கு எது கட்டுப்படியாகும்

மலேசியாவில், நம்ம சுங்கை சிப்புட் பக்கம் காற்பந்து கார்டு சேர்க்கிற பையன்கள் இப்போது நிறையப் பேர். எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: "அண்ணே, இதை கிரேடிங்குக்கு அனுப்பலாமா?" அமெரிக்காவில் எவனோ ஒருத்தன் பத்து டாலர் கார்டை அனுப்பி முந்நூறு டாலர் ஸ்லாப்பாகத் திரும்ப வாங்குகிற வீடியோவைப் பார்த்திருப்பார்கள், அதே கணக்கு தாமான் வீட்டு மேசை மேல் இருக்கிற கார்டுக்கும் பொருந்தும் என்று நினைப்பு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணத்துக்கு வருகிறேன். 9 வந்தாலே போட்ட காசு திரும்பும் என்றால் அனுப்புங்கள், 10 வந்தால்தான் தப்பிக்க முடியும் என்றால் அனுப்பாதீர்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். கிரேடிங் நிறுவனம் முதலில் கார்டு அசலா என்று பார்க்கும், பிறகு படம் நாலு பக்கமும் சம விளிம்போடு அமைந்திருக்கிறதா, முனைகள் மழுங்காமல் இருக்கின்றனவா, ஓரம் வெளுத்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறலோ அச்சுக்கோடோ இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து 1 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்து, உடைக்காமல் திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பி அனுப்பும். அந்த உறைதான் ஸ்லாப். இதில் பெரிய பெயர் 1991ல் தொடங்கிய பிஎஸ்ஏ. பெக்கெட் நிறுவனத்தின் பிஜிஎஸ், பிறகு எஸ்ஜிசி, சிஜிசி என்று இன்னும் சில உண்டு. எல்லாமே அமெரிக்கக் கம்பெனிகள்.

அட்டை அதே அட்டைதான், ஆனால் வாங்குகிறவனுக்கு இருந்த பயம் போய்விடுகிறது, கூடுதல் காசை அவன் அதற்குத்தான் கொடுக்கிறான். டெக்சாஸில் இருக்கிற ஒருவர் பேராக் மாநிலத்தில் ஏதோ ஒரு தோட்டப் பட்டணத்து ஆள் போட்ட படத்தை ஈபேயில் பார்க்கிறார், 'புத்தம் புதுசு' என்று நாம் எழுதியிருக்கிறோம், அதை அவர் ஏன் நம்ப வேண்டும்? நகைக்கடையில் 916 முத்திரையைப் பார்த்தபிறகு யாரும் கல்லில் உரசிக் காட்டச் சொல்வதில்லை, ஸ்லாப் மேல் இருக்கிற எண்ணும் தூரத்து ஆளுக்கு அப்படித்தான்.

பயம் போவது ஒரு பக்கம். இன்னொன்று, எந்தக் கார்டுக்கு எந்த எண் எத்தனை தடவை கொடுக்கப்பட்டது என்ற கணக்கை இந்த நிறுவனங்கள் வெளியிடுகின்றன, பாப் ரிப்போர்ட் என்று சொல்வார்கள். அரிது அரிது என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இப்போது ஒரு எண் கிடைத்துவிட்டது. போதாததற்கு பிஎஸ்ஏ தன் தளத்தில் யாருடைய செட் உயர்ந்த கிரேடு என்று சேகரிப்பாளர்களை வரிசைப்படுத்துகிறது. அதில் முதல் இடத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள் 9 கையில் இருந்தாலும் 10 தேடுவார்கள். 9க்கும் 10க்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஒரு மயிரிழை, விலையில் மட்டும் பல மடங்கு.

அந்த மயிரிழை எவ்வளவு என்று ஸ்கேல் வைத்தே பார்க்கலாம். பிஎஸ்ஏ 10 வாங்க முன்பக்கம் ஏறத்தாழ 55/45க்குள் அமைந்திருக்க வேண்டும், 9க்கு 60/40 போதும். இடது வலது விளிம்பு இரண்டும் சேர்ந்து 6 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒரு பக்கம் 3.3, மறுபக்கம் 2.7 வரை 10க்கு இடம் உண்டு. 3.6, 2.4 என்று போனால் மற்ற எல்லாம் சுத்தமாக இருந்தாலும் 9தான். கால் மில்லிமீட்டர் சங்கதி, அதுவும் அச்சடித்தவன் செய்த வேலை, நாம் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் மாற்ற முடியாது.

பெரிய விலைகளைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் 1986 ஃபிளீர் மைக்கல் ஜோர்டான் கார்டின் கதை தெரிந்திருக்க வேண்டும். காற்பந்து இல்லை, கூடைப்பந்து, ஆனால் கிரேடிங் விலையை எப்படித் தூக்குகிறது, எப்படிக் கீழே போடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2021 தொடக்கத்தில் பிஎஸ்ஏ 10 ஒன்று 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. அதே கார்டு 9 எண்ணோடு அதன் பக்கத்தில்கூட வரவில்லை. சரி, 10 வைத்திருந்தவர்களாவது நிம்மதியாக இருந்தார்களா என்றால், அந்த ஆண்டு முடிவதற்குள் 10ன் விலையே பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்த விலையைப் பார்த்து உலகம் முழுக்க ஆள்கள் பெட்டி பெட்டியாக அனுப்ப, பிஎஸ்ஏ தாங்க முடியாமல் 2021 மார்ச் கடைசியில் குறைந்த கட்டணப் பிரிவுகளையே நிறுத்தி வைத்தது. உச்சத்தில் அனுப்பியவர்களின் கார்டு வரிசையில் கிடந்தபோது வெளியே சந்தை இறங்கிக்கொண்டிருந்தது. கார்டு அங்கே மாட்டியிருக்கிற நாள்களில் நாம் விற்கவும் முடியாது. கட்டணம் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்தக் காத்திருப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொரு பக்கம், 10 வந்தாலும் விலை ஏறாத கார்டுகளும் உண்டு, எல்லாரும் அனுப்பிய கார்டு அப்படித்தான் ஆகும். 1989 அப்பர் டெக் கென் கிரிஃபி ஜூனியர் பேஸ்பால் கார்டை பிஎஸ்ஏ மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கிரேடு செய்திருக்கிறது, அதில் 10 வாங்கியவையே 4,000க்கு மேல். அவ்வளவு புகழ் பெற்ற ஆட்டக்காரர், அவ்வளவு புகழ் பெற்ற கார்டு என்பதால் அதன் 10க்கு இன்னும் நல்ல விலை நிற்கிறது. அதே காலத்தில் கணக்கில்லாமல் அச்சடித்த சாதாரண ஆட்டக்காரர்களின் கார்டுகளுக்கு 10 வந்தாலும் கிரேடிங் கட்டணம்கூடத் திரும்பாது. பேரங்காடியில் பாக்கெட் வாங்கிப் பிள்ளைகள் விளையாடுகிற மேட்ச் அட்டாக்ஸ் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கும் இதே கதிதான். ஆசைக்கு அனுப்பலாம், தப்பில்லை, லாபம் என்று பேசாதீர்கள்.

இப்போது நம்ம ஊர்க் கணக்கு

பிஎஸ்ஏவின் மலிவான பிரிவுக்கே கார்டுக்கு 20 டாலருக்கு மேல் ஆகிறது, அதற்கு உறுப்பினர் கட்டணம் கட்டியிருக்க வேண்டும், ஒரே தடவையில் 20 கார்டாவது சேர்த்து அனுப்ப வேண்டும். தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை. அதனால் கோலாலம்பூரிலும் மற்ற பெரிய பட்டணங்களிலும் கடைக்காரர்கள் பல பேருடைய கார்டுகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்புவார்கள். பெரும்பாலும் போக்கிமோன்தான் அந்தப் பெட்டிகளில் இருக்கும், காற்பந்து கார்டு அதோடு ஒட்டிக்கொண்டு போகும். கடைக்காரருக்குக் கூலி, போக வர அனுப்புச் செலவில் பங்கு, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஒரு கார்டுக்கு 150 வெள்ளி (ரிங்கிட்) என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

உங்களிடம் இருக்கிற கார்டு கிரேடு செய்யாமல், நேரில் கை மாற்றினால், 150 வெள்ளிக்குப் போகும். 9 வந்தால் 220, 10 வந்தால் 700 என்று வையுங்கள். இவை எடுத்துக்காட்டுக்குப் போட்ட எண்கள், உங்கள் கார்டுக்கு ஈபேயில் விற்று முடிந்தவை பட்டியலைத் திறந்து உண்மையான விலையைப் போட்டுக்கொள்ளுங்கள் (கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், அதில் எவன் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம்). ஸ்லாப்பை இணையத்தில் விற்றால் தளத்துக்கு 13 விழுக்காடு போகிறது என்று கொள்வோம். 10க்குக் கையில் வருவது 609, செலவு 150 கழித்தால் 459. 9க்கு 191, செலவு கழித்தால் 41. நாலு கார்டு அனுப்பி ஒன்று 10, மூன்று 9 வந்தால் மொத்தம் 583 வெள்ளி சொச்சம். அந்த நாலையும் அப்படியே விற்றிருந்தால் 600 வெள்ளி அன்றைக்கே கையில். நாலில் ஒன்று 10 என்பது மோசமான அதிர்ஷ்டமும் இல்லை, அதற்கே இந்த நிலைமை. நடுவில் ஒன்று 8 ஆகிவிட்டால் பேச்சே வேண்டாம், புதுக் கார்டுகளில் 8 எண் ஸ்லாப்பைச் சில நேரம் வெறும் கார்டு விலைக்குக்கூடக் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் வெறும் கார்டில் '10 ஆக இருக்கலாம்' என்ற நப்பாசை இன்னும் உயிரோடு இருக்கிறது, 8 அதைக் கொன்றுவிடுகிறது.

இதே கணக்கை வெறும் விலை 1,500 வெள்ளி இருக்கிற கார்டுக்குப் போட்டுப் பாருங்கள். 150 வெள்ளி செலவு அப்போது பத்தில் ஒரு பங்குதான், 9 வந்தாலே வெறும் கார்டைவிட நல்ல விலை கிடைக்க வாய்ப்பு உண்டு, கூடவே போலி என்ற சந்தேகமும் தீர்ந்துவிடுகிறது. மெஸ்ஸியின் 2004-05 பனினி மெகாகிராக்ஸ் மாதிரி, போலி ஏராளமாகச் சுற்றுகிற ரூக்கி கார்டு (ஆட்டக்காரரின் ஆரம்ப காலத்துக் கார்டு) என்றால் 6, 7 வந்தாலும் அனுப்புவதுதான் சரி, அங்கே எண்ணைவிட அசல் என்ற உறுதிக்குத்தான் மதிப்பு. பெலேயின் 1958 ஸ்வீடன் கார்டு, அலிஃபாபோலாகெட் வெளியிட்டது, பிஎஸ்ஏ 9 எண்ணோடு 2022ல் 13 லட்சம் டாலருக்கு மேல் போனது. பழைய கார்டில் 9 என்பதே மலை உச்சி. நேற்று பாக்கெட்டிலிருந்து எடுத்த கார்டில் 9 என்பது சராசரி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. மலிவுப் பிரிவுக்கு விலை வரம்பு உண்டு. எண் கொடுத்தபிறகு கார்டின் மதிப்பு அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் மேல்பிரிவுக் கட்டணத்தைக் கேட்பார்கள். 10 வந்த சந்தோஷத்தோடு கூடுதல் பில்லும் வரும்.

எந்தக் கம்பெனி?

விற்பதற்கு என்றால் பிஎஸ்ஏ, அதிகம் யோசிக்க வேண்டாம். புதுக் கார்டுகளில் அதே 10ஐ எஸ்ஜிசியோ சிஜிசியோ கொடுத்தால் பெரும்பாலும் பிஎஸ்ஏ 10 அளவுக்கு விலை வராது. அவர்கள் வேலை மட்டம் என்று அர்த்தமில்லை, வாங்குகிற கூட்டம் பிஎஸ்ஏ பக்கம் நிற்கிறது, அவ்வளவுதான். எஸ்ஜிசிக்குப் பழைய கார்டுகளில் நல்ல மரியாதை இருக்கிறது, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போன 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் பேஸ்பால் கார்டு எஸ்ஜிசி 9.5 எண்ணோடுதான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் 2024ல் பிஎஸ்ஏவின் தாய் நிறுவனமே எஸ்ஜிசியை வாங்கிவிட்டது, ஆக இரண்டுக்கும் முதலாளி ஒருவர்.

பிஜிஎஸ் கொஞ்சம் வேறு மாதிரி. நான்கு அம்சத்துக்கும் தனித்தனி எண்ணை லேபிளிலேயே போட்டுக் கொடுக்கும், நான்கும் 10 என்றால் கறுப்பு லேபிள், அது மட்டும் பிஎஸ்ஏ 10ஐவிட நன்றாகவே விலை போகும். ஆனால் பிஜிஎஸ் 9.5 சந்தையில் பிஎஸ்ஏ 10க்குக் கீழேதான் பெரும்பாலும் நிற்கிறது. சட்டைத் துணி வைத்த தடித்த கார்டு, கையெழுத்துக் கார்டு இருந்தால் பிஜிஎஸ் பற்றி யோசிக்கலாம், கையெழுத்துக்கும் தனி எண் தருவார்கள். கறுப்பு லேபிளை நம்பி அனுப்புவது என் கணக்கில் லாட்டரிச் சீட்டு.

பக்கத்திலேயே மலிவாக, சீக்கிரமாகச் செய்து கொடுக்கிறோம் என்று சொல்கிற சின்ன நிறுவனங்களும் உண்டு. உறை அழகாக இருக்கும், அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். விற்கப் போனால் வாங்குகிறவர் அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார், உறையை உடைத்துப் பார்க்கலாமா என்று கேட்பார்.

கிரேடு செய்கிறவர்களும் மனிதர்கள்தான் என்பதையும் மறக்கக் கூடாது. பிஎஸ்ஏ கொடுத்த முதல் சான்று எண் பழங்கால பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் டி206 கார்டுக்குத்தான் போனது, கிரேடு 8. ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் இன்னொருவரும் சேர்ந்து 1991ல் 4,51,000 டாலருக்கு வாங்கிய கார்டு அது. அதை முன்பு கைவசம் வைத்திருந்து விற்ற பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதாக 2013ல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டுக்கு எண்ணே கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி, முதல் கார்டிலேயே அது தவறிவிட்டது. இதில் இன்னும் வேடிக்கை, அந்தக் கார்டு 2007ல் 28 லட்சம் டாலருக்குக் கை மாறியது, வெட்டிய சந்தேகம் அப்போதே சந்தையில் பேச்சாக இருந்தது. சின்னக் கார்டுகளில் இதே நிச்சயமின்மை வேறு வகையில் வரும். அதே கார்டை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பினால் வேறு எண் வருவது நடக்கிற சங்கதி, அதையே தொழிலாக வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

யாரும் கேட்காத வழி

கிரேடு செய்த கார்டு வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், 9 எண் ஸ்லாப்பாகவே வாங்கிவிடுவது பல நேரம் மலிவு. மேலே பார்த்த கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வெறும் கார்டு 150, செலவு 150, ஆக 300 வெள்ளி போட்டு 9 வாங்கியவர் அதை 220க்கு விற்கிறார். அவர் நட்டம் நம் லாபம். சொந்தமாக வைத்திருந்து ரசிக்க 9 போதும், ஸ்லாப்புக்குள் இருக்கும்போது 10க்கும் அதற்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியப் போவதில்லை. தீபாவளி போனஸில் ஒரு நல்ல கார்டு வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், ஹாலண்டின் 2019-20 டாப்ஸ் குரோம் புண்டெஸ்லீகா ரூக்கியோ வேறு எதுவோ.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். எண் சரியாக இருந்தாலும் போதாது, போலி உறையில் உண்மையான எண்ணை அச்சடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் தளத்தில் படம் இருந்தால் கார்டின் விளிம்பு அளவும் புள்ளிகளும் ஒத்துப் போகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபேஸ்புக் குழுவில் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், ஈப்போவில் நேரில் சந்தித்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் அதற்குமேல் பதில் போட மாட்டார்கள்.

அனுப்புவது என்றே முடிவு செய்துவிட்டீர்களா, முதலில் நீங்களே கிரேடு செய்யுங்கள். கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்து மேற்பரப்பைப் பாருங்கள், பளபளக்கிற குரோம் கார்டுகளில் ஆலையிலிருந்தே வருகிற மெல்லிய கோடு அப்போதுதான் தெரியும். பின்பக்க முனைகளைக் கறுப்புத் துணி மேல் வைத்துப் பாருங்கள், வெள்ளைப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் 10ஐ மறந்துவிடலாம். விளிம்பை அளக்கும்போது ஸ்கேலைக் கார்டு மேல் வைக்காதீர்கள், மெல்லிய பிளாஸ்டிக் ஸ்லீவில் போட்டபிறகு அளக்கவும். அழுக்கைத் துடைக்கிறேன் என்று ஈரத் துணியை எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அய்யோ, வேண்டாம். ஒரு பெட்டிக் கார்டை இப்படிச் சலித்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மிஞ்சும், சில பெட்டியில் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சியதை ஸ்லீவில் போட்டு, வளையக்கூடிய அரைக்கெட்டி உறையில் வைத்து அனுப்புங்கள், கெட்டியான டாப்லோடரில் அனுப்பினால் வெளியே எடுக்கும்போது முனை அடிபடலாம் என்பதால் அதை அவர்கள் விரும்புவதில்லை. கடைக்காரரிடம் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் படம் எடுத்து, கார்டு தொலைந்தால் எவ்வளவு தருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள், தெரிந்தவர் என்றாலும்.

மற்ற கார்டுகளை ஆட்டக்காரர் சூடாக இருக்கும்போதே வெறும் கார்டாக விற்றுவிடுவதுதான் என் கட்சி. நேற்று கோல் அடித்தவனுடைய கார்டை இந்த வாரம் கரோசல் விற்பனைத் தளத்தில் போட்டால் கேட்பார்கள், அது கலிபோர்னியா போய்விட்டு வருவதற்குள் அவன் காலில் காயத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். விற்க மனமில்லாதவற்றை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நம்ம ஊர் ஈரத்துக்கு ஃபாயில் கார்டு வாழை மட்டை போல வளைந்துவிடும், ஸ்லாப்பும் காற்று புகாத டப்பா கிடையாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள், பொட்டலம் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள்.